கோலா உருண்டையைக் கைவிட வேண்டாம்; செய்முறையை மாற்றுவோம்

வட்டக்கோட்டைக்கு அருகிலுள்ள கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறார். வயது 65ஐக் கடந்தவர். 12 ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது அவரிடம் நாங்கள் ஓர் உணவுத் தாளைக் கொடுத்தோம். அதில் "ஆட்டிறைச்சி, பொரித்த பண்டங்கள், தேங்காய் ஆகியவற்றைத் தவிர்க்கவும்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தோம். அவர் எட்டு மாதங்கள் அதை அப்படியே கடைப்பிடித்தார். எடை குறைந்தது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி.

பின்னர் பேத்தியின் திருமணம் வந்தது. மதுரையிலிருந்து மருமகளாக வந்த அவருடைய தாயார் அந்த வீட்டில் பழக்கிவிட்ட பலகாரம் கோலா உருண்டை. தாயார் மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் அவ்வீட்டில் எந்த விசேடமும் அது இல்லாமல் நடப்பதில்லை. எட்டு மாதம் அடக்கி வைத்திருந்த ஆசை அன்று அணை உடைத்துக்கொண்டது. பிரியாணியுடன் பத்துப் பன்னிரண்டு உருண்டைகள். "இனி என்ன, எல்லாம் போயிற்று" என்ற எண்ணத்தில் அடுத்த ஒரு வாரமும் கட்டுப்பாடு இல்லை. வாரக் கடைசியில், கட்டுக்கடங்காமல் ஏறிய சர்க்கரையுடன் எங்கள் உள்நோயாளர் பிரிவில் படுத்திருந்தார்.

அவருக்கு அறிவுரை கூற நாங்கள் ஆயத்தமானபோது அவருடைய மனைவி குறுக்கிட்டுச் சொன்னார்: "எது கூடாதுன்னு சொன்னிய டாக்டரே, எப்படிச் செஞ்சா தின்னலாம்னு ஒருத்தரும் சொல்லலியே."

அந்த அம்மையார் சொன்னது சரி. நாங்கள் கொடுத்த தாளில் விலக்கு மட்டுமே இருந்தது, வழி இல்லை. இக்கட்டுரை அந்த வழியைக் கூறும் முயற்சி.

ஏன் இது சிறிய செய்தி அன்று

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. அதன்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர். வயிற்றுப் பருமன் உடையோர் ஏறத்தாழ 39.5 விழுக்காட்டினர். நம் உடலமைப்பில் கொழுப்பு முதலில் வயிற்றைச் சுற்றியே சேர்கிறது. ஆகவேதான் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும் என்கிறோம்.

இத்தகையோர் உணவுக் கட்டுப்பாட்டை இரண்டு மாதமோ எட்டு மாதமோ கடைப்பிடித்தால் போதாது. வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் பின்பற்ற வேண்டிய உணவில் அம்மாவின் கைப்பக்குவத்துக்கு இடமே இல்லையென்றால், அந்தக் கட்டுப்பாடு நிலைக்காது. இதை நாங்கள் நோயாளிகளிடமிருந்தே கற்றுக்கொண்டோம்.

கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கலோரி தருகின்றன. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. கோலா உருண்டையில் கொழுப்பு மூன்று வழிகளில் நுழைகிறது.

முதலாவது இறைச்சி. கடையில் அரைத்துத் தரும் கொத்துக்கறியில் கொழுப்பும் சவ்வும் சேர்ந்தே அரைபடுகின்றன. கொழுப்பு நீக்கிய வெள்ளாட்டுத் தொடைக்கறி 100 கிராமில் சுமார் 115 முதல் 120 கலோரி இருக்கும். கொழுப்போடு சேர்த்து அரைத்த கறியில் அது 200க்கு மேலும் போகும். அரைத்த பின் இரண்டையும் கண்ணால் வேறுபடுத்திக் காண்பது கடினம்.

இரண்டாவது தேங்காய். 100 கிராம் தேங்காய்த் துருவலில் 350 முதல் 400 கலோரி உண்டு. தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதை இதய நோயாளிகள் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். தேங்காய் இல்லாத சமையலை நாஞ்சில் நாட்டில் யாரிடமும் நாம் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் வேண்டாம். அளவைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

மூன்றாவது பொரிக்கும் எண்ணெய். இது வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் வீட்டு அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பொரிப்பதற்கு முன் சட்டியில் ஊற்றும் எண்ணெயை அளந்துகொள்ளுங்கள். பொரித்து ஆறிய பின் மீதமுள்ளதை மீண்டும் அளந்து பாருங்கள். குறைந்த எண்ணெயில் பெரும்பகுதி உருண்டைக்குள் போயிருக்கிறது. அதன் ஒவ்வொரு தேக்கரண்டியும் 40 கலோரிக்கு மேல். இதைச் செய்து பார்த்த குடும்பத்தினர் பலர் எங்களிடம் வியப்புடன் வந்து கூறியிருக்கின்றனர். எங்கள் அறிவுரையைவிட அந்த அளவுக்குவளை அவர்களிடம் அதிகம் பேசியது.

சுவை எங்கே இருக்கிறது?

கலோரியைக் குறைக்க முனைவோர் பொதுவாக மூன்று பொருள்களையும் ஒரேயடியாக நீக்கிவிடுகின்றனர். கொழுப்பில்லாத கறி, தேங்காய் கிடையாது, எண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது. கிடைப்பது வெளிறிய, வறண்ட, வாயில் மணல்போல் உதிரும் ஓர் உருண்டை. வீட்டார் ஒரு முறை உண்பர். மறுமுறை பழைய வழிக்கே திரும்புவர். எனவே சுவை எதனால் உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அதை மட்டும் காப்பாற்ற வேண்டும்.

மசாலாவின் மணம்: பெருஞ்சீரகம், பட்டை, கிராம்பு, நல்லமிளகு ஆகியவற்றின் மணப்பொருள்கள் நீரைவிடக் கொழுப்பில் நன்கு கரைபவை. ஆகவே எண்ணெயே இல்லாமல் வறுத்த மசாலா நாக்கில் மங்கலாகத் தெரிகிறது. ஆனால் மணத்தை வெளிக்கொணர இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். அரைச் சட்டி எண்ணெய் தேவையில்லை.

மேற்பரப்பின் முறுகல்: இறைச்சியின் புரதமும் உள்ளியின் இயற்கைச் சர்க்கரையும் உயர்ந்த வெப்பத்தில் சேரும்போதுதான் அந்தப் பழுப்பு நிறமும் வறுத்த வாசனையும் தோன்றுகின்றன. இதற்கு வேண்டியவை இரண்டு: உலர்ந்த மேற்பரப்பு, நல்ல சூடு. உருண்டை எண்ணெயில் மூழ்க வேண்டிய கட்டாயம் இல்லை. சூடான கல்லில் எண்ணெய் பூசிய குழியில் உருண்டாலும் அதே மாற்றம் நடைபெறும்.

உள்ளே இருக்கும் ஈரம்: கொழுப்பில்லாத இறைச்சி வேகும்போது அதன் புரதம் சுருங்கி, பிழிந்த துணிபோல் நீரை வெளியே தள்ளுகிறது. வறட்சிக்குக் காரணம் இதுவே. அந்த நீரைப் பிடித்து வைக்க உள்ளே வேறொரு பொருள் வேண்டும். பொரிகடலை மாவு அதைச் செய்கிறது. அதைவிட நன்றாகச் செய்வது ஒன்று நம் தோட்டத்திலேயே தொங்குகிறது: வாழைப்பூ.

வாழைப்பூக் கோலா தமிழ்ச் சமையலில் தனியாகவே உள்ள சைவப் பலகாரம். இறைச்சிக் கோலாவில் பயன்படும் அதே மசாலாவில் வாழைப்பூவைச் சேர்த்துச் செய்வர். உண்போர் சிலர் அதை இறைச்சி என்றே எண்ணுவதுண்டு. அந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான் எங்கள் யோசனை. வாழைப்பூவில் கலோரி குறைவு, நார்ச்சத்து மிகுதி; மசாலாவை ஏற்றுக்கொள்ளும்; ஈரத்தை விடாது. மட்டியும் செந்துளுவனும் விளையும் இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

செய்முறை (25 உருண்டைகளுக்கு)

தேவையான பொருள்கள்:
கொழுப்பும் சவ்வும் நீக்கிய வெள்ளாட்டுத் தொடைக்கறி – 500 கிராம்
வேகவைத்துப் பிழிந்த வாழைப்பூ – 150 கிராம்
சின்ன உள்ளி – 150 கிராம்
பொரிகடலை (பொட்டுக்கடலை) – 50 கிராம்
தேங்காய்த் துருவல் – 30 கிராம்
முட்டையின் வெள்ளைக்கரு – 1
பூண்டு – 8 பல். இஞ்சி – ஒரு விரற்கடை
பெருஞ்சீரகம் – 2 தேக்கரண்டி. நல்லமிளகு – 1 தேக்கரண்டி
வத்தல் மிளகாய் – 5; பட்டை – சிறு துண்டு; கிராம்பு – 3
கறிவேப்பிலை, மல்லித்தழை, மஞ்சள்தூள் – தேவையான அளவு
உப்பு – முக்கால் தேக்கரண்டி
எண்ணெய் – மொத்தம் 5 தேக்கரண்டி

1. கறியைத் துண்டாக வாங்கி, வெள்ளையாகத் தெரியும் கொழுப்பை நீக்கச் சொல்லி, அதன் பிறகே கண்ணெதிரில் கொத்தச் சொல்லுங்கள். கலோரியைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி இறைச்சிக் கடையிலேயே முடிந்துவிடுகிறது.

2. வாழைப்பூவின் ஒவ்வொரு இதழிலும் உள்ள நரம்பையும் சிறு செதிலையும் நீக்கி, பொடியாக நறுக்கி, கறுக்காமலிருக்க மோர் கலந்த நீரில் போடுங்கள். பின்னர் மஞ்சள்தூளுடன் பத்து நிமிடம் வேகவைத்து, நீரை ஒட்டப் பிழியுங்கள். நீர் மிகுந்தால் உருண்டை உடையும்.

3. இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் பெருஞ்சீரகம், மிளகு, வத்தல், பட்டை, கிராம்பு, கறிவேப்பிலையை வாசனை வரும்வரை வறுங்கள். அதிலேயே 100 கிராம் உள்ளி, பூண்டு, இஞ்சியைச் சேர்த்துப் பொன்னிறமாக வதக்குங்கள். கடைசியாகத் தேங்காயைச் சேர்த்து, இளம்பழுப்பு நிறம் வரும்வரை கிளறி இறக்குங்கள். வறுத்த 30 கிராம் தேங்காய் தரும் மணத்தைப் பச்சையாகச் சேர்க்கும் 100 கிராம் தருவதில்லை. ஆறிய பின் நீர் விடாமல் அரைத்துக்கொள்ளுங்கள். அம்மி இருந்தால் மிக நன்று.

4. கொத்திய கறியில் உப்பை மட்டும் சேர்த்து மூன்று நான்கு நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். உப்பு பட்டதும் இறைச்சிப் புரதம் பசைபோல் இளகி, உருண்டையைத் தானாகவே பிணைக்கும். பழைய வீடுகளில் அம்மியில் வைத்து நெடுநேரம் இடித்ததன் பொருளும் இதுவே.

5. அரைத்த மசாலா, வாழைப்பூ, பொடித்த பொரிகடலை, பொடியாக நறுக்கிய மீதி உள்ளி, மல்லித்தழை, வெள்ளைக்கரு ஆகியவற்றைச் சேர்த்துக் கலந்து, குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு சிறிய எலுமிச்சை அளவில் 25 உருண்டைகளாகப் பிடியுங்கள்.

6. இட்லித் தட்டில் வைத்துப் பத்து நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஓர் உருண்டையைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் சிவப்பு நிறம் சிறிதும் தெரியக் கூடாது. அரைத்த இறைச்சியில் கிருமிகள் மேற்பரப்போடு நில்லாமல் உள்ளேயும் கலந்துவிடுவதால் இது கட்டாயம்.

7. வெந்த உருண்டைகளைத் தட்டில் பரப்பி, மேல் ஈரம் ஆவியாகும்வரை ஐந்து நிமிடம் விடுங்கள். குழிப்பணியாரக் கல்லை நன்கு சூடாக்கி, மீதமுள்ள மூன்று தேக்கரண்டி எண்ணெயைக் குழிகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பகிர்ந்து, உருண்டைகளைத் திருப்பித் திருப்பிச் சிவக்க விடுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் எல்லாப் பக்கமும் முறுகும்.

இதய நோயாளிகளுக்குச் செய்யும்போது சிவக்க வைக்கக் கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ பயன்படுத்தலாம். தேங்காயெண்ணெயின் வாசனை இல்லாமல் உணவே இறங்காது என்போர், மசாலா வறுக்கும்போது அதில் ஒரு தேக்கரண்டி மட்டும் சேர்த்துக்கொள்ளட்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

பழைய முறையில் 500 கிராம் கொழுப்புள்ள கொத்துக்கறியில் சுமார் 1,030 கலோரி. 100 கிராம் தேங்காயில் 375. 75 கிராம் பொரிகடலையில் 280. உள்ளி, கசகசா, முட்டையில் 180. உறிஞ்சப்படும் எண்ணெயை 60 கிராம் எனக் கொண்டால் 540. மொத்தம் ஏறத்தாழ 2,400. அதாவது ஓர் உருண்டைக்கு 96 கலோரி.

மாற்றிய முறையில் கறி 590, தேங்காய் 115, பொரிகடலை 185, உள்ளி, வாழைப்பூ, வெள்ளைக்கரு 165, எண்ணெய் 205. மொத்தம் ஏறத்தாழ 1,260. ஓர் உருண்டைக்கு 50 கலோரி.

இவை உணவுப் பொருள்களின் சராசரி மதிப்பைக் கொண்டு போட்ட அடுக்களைக் கணக்கு. உங்கள் வீட்டில் சற்று ஏறலாம், இறங்கலாம். ஆனால் குறைந்த கலோரியில் பத்தில் ஒன்பது பங்கு கறிக்கொழுப்பு, எண்ணெய், தேங்காய் ஆகிய மூன்றிலிருந்தே வந்துள்ளது. மசாலாவில் நாம் கை வைக்கவே இல்லை.

பழைய முறையில் செய்த மூன்று உருண்டைகள் ஏறத்தாழ 290 கலோரி. 65 முதல் 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதைச் செலவிட வட்டக்கோட்டைக் கடற்கரையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் விரைந்து நடக்க வேண்டும். புதிய முறையில் செய்த மூன்றுக்கு அரை மணி நேரம் போதும்.

கடலோரக் குடும்பங்களுக்கு மீன் உருண்டை

சின்னமுட்டம் துறைமுகத்தில் மீன் வந்திறங்கும் ஊர்களில் வாழ்வோர் ஆட்டிறைச்சிக்கு மாற்றாகச் சூரை மீனில் இதைச் செய்யலாம். சூரையில் கொழுப்பு குறைவு, புரதம் மிகுதி; இறுகிய சதை என்பதால் உருண்டையாகப் பிடிக்க ஏற்றது. தோலும் முள்ளும் நீக்கிய பச்சை மீனைக் கொத்தி, மேலே கூறிய அதே மசாலாவைப் பாதியளவு சேர்த்து, நல்லமிளகைச் சற்றுக் கூட்டினால் போதும். ஆவியில் ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. சூரை மீன் பிடித்ததிலிருந்து பனிக்கட்டியில் இருந்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகி, உண்டவருக்கு முகச் சிவப்பும் தடிப்பும் தலைவலியும் உண்டாக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது.

தட்டில் வேறு என்ன இருக்கிறது?

நீரிழிவு உடையோர் இப்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். மாற்றிய முறையில் செய்த ஓர் உருண்டையில் மாவுச்சத்து சுமார் 2 கிராம்தான். உணவுக்குப் பின் சர்க்கரை திடீரென ஏறுவதற்கு உருண்டை பெரும்பாலும் காரணமாவதில்லை. அதனுடன் உண்ணும் பிரியாணியும், இரண்டாவது முறை வாங்கும் சோறும், மரச்சீனிக்கிழங்கும், முடிவில் வரும் பாயசமுமே காரணம். நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட பெரியவர் விடயத்திலும் அதுவே நடந்தது. பழி மட்டும் கோலா உருண்டையின் மேல் விழுந்தது.

ஒருவேளை உணவுக்கு மூன்று உருண்டைகள் நல்ல அளவு. அதிலிருந்து சுமார் 15 கிராம் புரதம் கிடைக்கிறது. தட்டில் பாதியைக் கீரைத் துவரன், வெள்ளரிக்காய், புடலங்காய் போன்ற காய்கறிகளால் நிரப்புங்கள். கால் பங்கு சோறு. அல்லது அதற்குப் பதிலாக மரச்சீனி. இரண்டும் சேர்த்து வேண்டாம். முதலில் காய்கறியையும் உருண்டையையும் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

உப்பையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உருண்டை உண்ணும் நாளில் கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றைத் தள்ளி வைக்கலாம். பரிமாறும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் உப்பின் குறை தெரியாது.

யார் எங்களிடம் கேட்டுவிட்டு உண்ண வேண்டும்?

சிறுநீரக நோய் உடையோருக்குப் புரதத்தின் அளவு நோயின் நிலையைப் பொறுத்து மாறும். வாழைப்பூவில் பொட்டாசியம் உண்டு என்பதால் அதையும் கணக்கிட வேண்டும். உணவியல் வல்லுநரைக் கலந்த பின்னரே இதைச் செய்து கொடுங்கள்.

யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுவாதம் உடையோர் வலியுள்ள நாள்களில் இறைச்சியையும் சூரையையும் தவிர்த்து, வாழைப்பூவை மட்டும் கொண்டு செய்துகொள்ளலாம்.

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர், மாலை விருந்துக்காகக் காலை உணவையோ மதிய உணவையோ விடக் கூடாது. தாழ்சர்க்கரை மயக்கம் ஏற்படக்கூடும்.

பல் இல்லாத முதியோருக்கும் விழுங்குவதில் சிரமம் உள்ளோருக்கும் முறுக வைக்காமல், ஆவியில் வெந்ததை நீர்த்த குழம்பில் ஊற வைத்து மசித்துக் கொடுங்கள்.

எல்லோருக்கும் கலோரியைக் குறைக்க வேண்டும் என்பதில்லை. வளரும் பிள்ளைகள், காசநோய்ச் சிகிச்சையில் உள்ளோர், புற்றுநோய்ச் சிகிச்சையால் எடை இழந்தோர் ஆகியோருக்குக் கூடுதல் கலோரி தேவைப்படும். ஒரே வீட்டில் எடை குறைக்க வேண்டிய தாத்தாவும் எடை கூட வேண்டிய பேரனும் இருப்பது உண்டு. அப்போது ஒரே கலவையைச் செய்து, பேரனுடைய உருண்டைகளை மட்டும் கூடுதல் எண்ணெயில் சிவக்க வைத்தால் போதும். தாத்தாவுக்குத் தனிப் பத்தியச் சட்டி தேவையில்லை.

அடிக்கடி கேட்கப்படும் ஐயங்கள்

கோழிக்கறியில் செய்யலாமா? செய்யலாம். தோல் நீக்கிய நெஞ்சுப் பகுதி ஏற்றது. அது விரைவில் வறண்டுவிடும் என்பதால் வாழைப்பூவைச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்கவும்.

கடையில் வாங்கி உண்ணலாமா? மீண்டும் மீண்டும் சூடாக்கிய எண்ணெயில் தீங்கான வேதிப்பொருள்கள் பெருகுகின்றன. இதற்கு வரம்பு விதித்து 2018ஆம் ஆண்டு சூலை முதல் அரசு விதிமுறை நடைமுறையில் உள்ளது. இருப்பினும் சட்டியிலுள்ள எண்ணெய் எத்தனையாவது முறை காய்கிறது என்பது உண்போருக்குத் தெரியாது. வீட்டில் செய்வதே பாதுகாப்பானது.

மீதமானதை வைத்திருக்கலாமா? சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணலாம்.

அடிக்கடி உண்ணலாமா? கலோரி குறைந்தாலும் ஆட்டிறைச்சி ஆட்டிறைச்சியே. இதய நோயாளிகள் வாரத்துக்கு ஒரு முறையுடன் நிறுத்திக்கொள்வது நல்லது. பிற நாள்களில் மீன் அல்லது வாழைப்பூ உருண்டை இருக்கவே இருக்கிறது.

நிறைவாக

உள்நோயாளர் பிரிவிலிருந்து வீடு திரும்பிய அப்பெரியவருக்கு நாங்கள் பழைய தாளைக் கொடுக்கவில்லை. உணவியல் வல்லுநர் அம்மையாருடன் அமர்ந்து, அவர் வீட்டுக் கோலா உருண்டையின் பக்குவத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி, எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று சேர்ந்து முடிவு செய்தார். பெருஞ்சீரகத்தின் அளவில் மட்டும் அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை; "அது மாமியார் சொல்லித் தந்த கணக்கு" என்றார். அதில் கலோரி மிகக் குறைவு என்பதால் நாங்களும் வற்புறுத்தவில்லை.

அடுத்த முறை பரிசோதனைக்கு வந்தபோது அவருடைய சர்க்கரை மீண்டும் கட்டுக்குள் இருந்தது. உருண்டை எப்படி இருந்தது என்று கேட்டோம். "அம்மை செய்தது மாதிரி முழுசா இல்ல, ஆனா அம்மை செய்ததுதான்னு தெரியுது" என்றார்.

அந்த அளவு போதும் என்று நாங்கள் எண்ணுகிறோம். உங்கள் வீட்டிலும் நோயுற்றவருக்கு விலக்கப்பட்ட பலகாரம் ஒன்று இருக்கக்கூடும். அடுத்த முறை வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது அதன் பக்குவத்தை எழுதிக் கொண்டு வாருங்கள். மருந்துச் சீட்டோடு சேர்த்து அதையும் பார்ப்போம்.